காங்கேயம் மாட்டுடலில் உங்கள் முகம்: தன்னுருவப் படம் வரையும் முறை

மெக்சிகோவின் ஃப்ரிடா காலோ 1946இல் வரைந்த ‘காயம்பட்ட மான்’ படத்தில் உடம்பு கொம்புள்ள ஆண் மானுடையது, முகம் அவருடையது. ஒன்பது அம்பு தைத்தும் முகத்தில் அழுகை இல்லை. சிகானா (மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண்) ஓவியர் யோலண்டா லோபஸ் 1978இல் தன்னையே மெக்சிகர்கள் வணங்கும் குவாடலூப்பே மாதாவாக, காலில் ஷூவும் கையில் பாம்புமாக ஓடுவதுபோல் வரைந்தார். இரண்டிலும் விலங்கை எடுத்துவிட்டால் படம் நிற்காது. ஆனால் அந்த மானையும் பாம்பையும் நகலெடுக்காதீர்கள். கொங்கில் நமக்குக் காங்கேயம் மாடு இருக்கிறது. ஆணா பெண்ணா என்பது அதன் நிறத்திலேயே தெரியும்.

முதலில் எந்த உடல் என்று முடிவெடுங்கள். கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் நிறம் மாறும். பசு வெள்ளை அல்லது மயிலை (சாம்பல் நிறம்). திமில் சிறியது, கொம்பு அதிகம் வளையாது. பூச்சிக்காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு வளர்க்கும் காளைக்கு, தலை, கழுத்து, திமில், தொடை கருத்திருக்கும். கொம்பு விரிந்து பின்னால் வளைந்து நுனிகள் நெருங்கும். காயடித்த எருதில் அந்தக் கருமை மங்கிவிடும். ஒரு பெண்ணின் முகம் இந்த மூன்று உடல்களில் மூன்று விதமாகப் பேசும். பசுவுக்குக் காளைத் திமில் போட்டால் பண்ணையக்காரர்கள் பிழை என்றே நினைப்பார்கள். வேண்டுமென்றே செய்வதானால் மடியையும் தெளிவாக வரையுங்கள்.

மாதிரிக்குச் சித்திரையில் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, கேமராவை மாட்டின் தோள் உயரத்துக்கு இறக்கிப் படமெடுங்கள். மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும்.

3 மி.மீ. ஹார்டுபோர்டு, 22 × 30 செ.மீ. போதும், ஃப்ரிடாவின் மான் ஏறக்குறைய இதே அளவுதான். வழவழப்பான பக்கத்தை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, காயவிட்டுக் காயவிட்டு மூன்று பூச்சு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) கொடுங்கள். பின்பக்கமும் பூசாவிட்டால் பலகை வளையும்.

மயிலைக்குக் கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் சிமெண்ட் மாதிரி செத்துப்போகும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சம அளவு கலந்து வெள்ளையில் துளித்துளியாகச் சேருங்கள். வெயில் பட்ட இடத்தில் அம்பர் கூடட்டும், நிழலில் நீலம் கூடட்டும்.

பெரும்பாலும் கெடுவது கழுத்துதான். முகமும் மாடும் வேறு வேறு வெளிச்சத்தில் இருந்தால் முகமூடி ஒட்டியதுபோல் தெரியும். உங்கள் முகத்தையும் அதே காலை வெயிலில், அதே பக்கத்திலிருந்து படமெடுத்துக்கொள்ளுங்கள். தாடையின் நிழல் மாட்டின் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியில் விழ வேண்டும். தோல் நிறம் கழுத்து மயிருக்குள் இரண்டு விரற்கடை இறங்கட்டும்.

பின்னணிக்குக் கொறங்காடும் (கொங்கின் வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) முள்ளுள்ள கிளுவை வேலியும். வேலியின் வாசல் படல் திறந்திருக்கிறதா, கட்டியிருக்கிறதா என்பதை முதல் கோட்டிலேயே தீர்மானியுங்கள். மாட்டுடலில் உள்ள உங்கள் முகத்தின் கண் எங்கே பார்க்கும் என்பது அதைப் பொறுத்தது. முள்ளைக் கடைசியில், 0 நம்பர் தூரிகையால், நீர்த்த வண்ணத்தில் போடுங்கள். வண்ணம் தடித்தால் கோடு நடுவில் அறுந்துவிடும்.