புட்டுக்கும் தயிருக்கும் ஒரு மாம்பழச் சோஸ்

வைகாசி, ஆனி மாதங்களில் சோளகக் காற்று எழும்பிவிட்டால், வன்னி வளவுகளில் விடியும்போது மாமரத்தடியில் கடகம் நிறையப் பொறுக்கும் அளவுக்குப் பழம் விழுந்து கிடக்கும். அடிபடாதவற்றைப் புட்டோடு பிசைந்து உண்டும், அயலாருக்குக் கொடுத்தும் முடித்த பின்னர், ஒரு பக்கம் நைந்தும் மிகக் கனிந்தும் எஞ்சுகின்ற பழங்களுக்குரிய செய்முறை இது. காய்ச்சும்போது மணத்தில் ஒரு பகுதி போய்விடும் என்பதால், நல்ல விலை கொடுத்து வாங்கிய பழத்தை இதற்குச் செலவிடுவது வீண் என்றே சொல்வேன்.

ஏறக்குறைய இரண்டு கோப்பை சோஸ் செய்வதற்குத் தோலும் கொட்டையும் நீக்கிய சதை 500 கிராம், சீனி 4 மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கோப்பை, தேசிக்காய்ப்புளி 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியன போதும். கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் நல்லது. நார் மிகுந்த நாட்டு மாம்பழமானால் பின்னர் வடிக்க வேண்டியிருக்கும்.

முதலில் பழங்களைக் கழுவி, காம்பை அரிந்து, அதிலிருந்து வடியும் பால் சதையில் படாதவாறு மறுபடியும் கழுவிக்கொள்ளுங்கள். நைந்த இடத்தை வெட்டி எறியலாம். ஆனால் புளித்த வாடை வீசும் பழத்தையும் புழு இருக்கும் பழத்தையும் முழுமையாகவே ஒதுக்கிவிட வேண்டும். சதையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். கொட்டையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கலாம் என்றாலும், எங்கள் வீட்டில் அதற்குப் பிள்ளைகள் முன்பே உரிமை கோரிவிடுவார்கள்.

அடுத்து, துண்டுகளையும் சீனி, தண்ணீர், உப்பு ஆகியவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ இட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். பழத்தின் புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்து சுவையைக் கெடுக்கும் என்பதால் அலுமினியச் சட்டியைத் தவிர்ப்பது நல்லது. ஏழெட்டு நிமிடங்களில் துண்டுகள் குழைந்துவிடும். அப்போது அகப்பையின் பின்புறத்தால் மசியுங்கள், அல்லது ஆறவிட்டு அரைத்து, நார் இருந்தால் வடித்து, மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். மாம்பழக் கூழ் கொதிக்கும்போது கையில் தெறித்துச் சுடும் ஆதலால், நீண்ட பிடியுள்ள அகப்பையால் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இறக்கும் பதத்தில்தான். சூடாக இருக்கும்போது தண்ணீர் போலத் தோன்றுவது ஆறியதும் தடித்துவிடும் என்பதை அறியாமல், அடுப்பிலேயே தடிக்கும் வரை காய்ச்சினால், மறுநாள் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டிய களிதான் மிஞ்சும். ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, நடுவே விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மெதுவாக மூடிக்கொண்டால் அதுவே இறக்கும் நேரம். தேசிக்காய்ப்புளியை இறக்கிய பின்னரே சேருங்கள். சுவைத்துப் பார்த்து இனிப்பு மட்டுமே நாவில் நின்றால், சீனியைத் தொடாமல் இன்னும் சில துளி புளி விடுங்கள்.

காலையில் புட்டு, தோசை, பாண் ஆகியவற்றோடும், பிற்பகலில் சட்டித் தயிர், ஐஸ்கிரீம், கஸ்டர்ட் ஆகியவற்றின் மேலும் இதை ஊற்றி உண்ணலாம். அன்னாசியிலும் பப்பாசியிலும் இதே முறையில் செய்யலாம். அவற்றைப் பச்சையாகத் தயிரில் கலந்து வைத்தால், அவற்றிலுள்ள நொதியங்கள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பு உண்டாக்கும். நன்கு கொதித்த பின்னர் அந்தத் தொல்லை இல்லை. விளாம்பழத்துக்கு மட்டும் சீனியையும் தண்ணீரையும் இருமடங்காக்கி, விதையை வடித்து நீக்கிக்கொள்ளுங்கள்.

ஜாமில் பாதிக்கு மேல் சீனி இருப்பதால் அது வெளியில் வைத்தாலும் எளிதில் கெடுவதில்லை. இந்தச் சோஸுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. எங்கள் வெயிலில் வெளியே வைத்தால் அன்றே உண்டு முடிக்க வேண்டும். கொதிநீரில் அவித்து ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால், ஆனியில் காய்ச்சியதைப் புரட்டாசி வரை பயன்படுத்தலாம். உருகும்போது தண்ணீர் பிரிந்து நிற்பது இயல்பாதலால், ஒருமுறை சூடாக்கிக் கலக்கிய பின்னர் பரிமாறுங்கள்.