நோயுற்ற நாயைத் தத்து போகும்வரை வீட்டில் வைத்துப் பேணும் முறை

தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு நாய் முதல் சிகிச்சை முடிந்து வெளியே வரும் நாளுக்கும், அதை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தின் வாசற்படியை அது மிதிக்கும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை கழியும். அந்த இடைக்காலத்தில் அதற்கு மருந்தும் சோறும் கொடுத்து, மனிதர்களோடு பழகவைத்து, நல்ல கைகளில் ஒப்படைக்கும் பொறுப்பைத்தான் ஃபாஸ்டர் என்று சொல்கிறோம். காவிரிப் படுகை ஊர்களில் இந்த வேலை பெரும்பாலும் தனி வீடுகளின் கொல்லைப்புறத்திலும் திண்ணையிலும்தான் நடக்கிறது. கும்பகோணத்தை அடுத்த எங்கள் வீட்டுக் கொல்லையில் இதுவரை 11 நாய்கள் இப்படித் தங்கிச் சென்றிருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்தும், மருத்துவர்களிடம் கேட்டு அறிந்தவற்றிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

நாயை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, மீட்டவர்களிடம் சிலவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவச் செலவு யாருடையது, எந்த மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார், நள்ளிரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது, எவரும் தத்து எடுக்க முன்வராவிட்டால் நாய் எங்கே போகும் ஆகியவற்றை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் உள்ள பெரியவர்களின் சம்மதமும் வேண்டும். நாம் வேலைக்குப் போன பிறகு மதிய வேளை மருந்தைக் கொடுக்கப்போவது அநேகமாக அவர்களே.

இடம்

நோயுற்ற நாய்க்குச் சிமெண்டுத் தரையும், கூரையும், நீர் வடியும் வழியும் உள்ள இடம் வேண்டும். மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்குவது நம் பக்கத்தில் வழக்கம். ஆனால் அங்கே உண்ணியும் ஈயும் மிகுதி என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்வேன். வைக்கோல் படுக்கையும் வேண்டாம், அதில் ஈரம் தங்கும், உண்ணி ஒளியும். பழைய நூல் புடவையை நான்காக மடித்து, தரையில் படாமல் ஒரு பலகையின் மேல் விரித்தால் போதும். அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்திவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதிதாக வந்ததைக் குறைந்தது 14 நாட்கள் தனியே வைக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு, கயிறு, துடைக்கும் துணி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். ஆகவே, பார்வோ கண்ட குட்டி திரிந்த மண் தரையில் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைச் சேர்க்கக் கூடாது. சிமெண்டுத் தரையை முதலில் சோப்பு நீரால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் என்று கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம்.

வளர்ப்பவரின் பாதுகாப்பு

நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது என்பதால் நாம் அஜாக்கிரதையாக இருந்துவிட முடியாது. ஊசி போடுவதற்கு முன்பே நோய் உடலில் புகுந்திருக்க வாய்ப்புண்டு. மீட்பு வேலையில் தொடர்ந்து ஈடுபடுபவர்கள் கடிபடுவதற்கு முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்வது குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். பல் பட்டாலோ, கீறல் விழுந்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ உடனே ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுவார்கள், அவற்றில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டுவது காயத்தைக் கெடுக்கும்.

சொறிநோயில் ஒரு வகை மனிதர் தோலுக்கும் தாவி அரிப்பை உண்டாக்கும் என்பதால், மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்து எந்த வகை என்று சொல்லும்வரை கையுறை அணிய வேண்டும். எலிக்காய்ச்சல் இன்னொரு கவலை. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரையும் வாய்க்கால் நீரையும் குடித்து நாய்க்கு அந்த நோய் வந்திருந்தால், நாயின் சிறுநீர் வழியே நமக்கும் வரலாம். கொல்லையைக் கழுவும்போது காலில் செருப்பும் கையில் உறையும் இல்லாமல் இறங்கக் கூடாது.

உண்ணிக் காய்ச்சல்

நம் பகுதியில் மீட்கப்படும் நாய்களில் நான் அடிக்கடி கண்டது உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்னும் கிருமியோ, பேபிசியா என்னும் ஒட்டுண்ணியோ இரத்தத்தில் புகுகிறது. நாய் சோர்ந்து படுக்கும், சோற்றை முகர்ந்துவிட்டு விலகும், காய்ச்சல் அடிக்கும். எர்லிக்கியாவில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் கசியலாம். பேபிசியாவில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறலாம்.

அரசலாற்றங்கரையில் கிடந்த ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாயை எங்களிடம் கொண்டுவந்தபோது, அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல நாய்க்கு இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பிவிடும். இதற்கோ அழுத்துவதற்கு முன்பே அங்கே நிறம் இல்லை. இந்த ஒரு சோதனையை நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லையென்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-இல் ஒரத்தநாட்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி டெல்டாக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

எர்லிக்கியாவுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து டாக்ஸிசைக்ளின், அதைப் பொதுவாக 28 நாட்கள் கொடுக்கச் சொல்வார்கள். பேபிசியாவுக்கு வேறு ஊசி மருந்து உண்டு, ஆகவே பரிசோதனை இல்லாமல் ஊகத்தில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது தவறு. அந்தப் பழுப்பு நாய் ஐந்தாம் நாளே தட்டை நக்கிக் காலி செய்து, வாலை ஆட்டிக்கொண்டு கொல்லைக் கதவு வரை வந்தது. பலர் மருந்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். நாய் தேறிவிட்டது போலத் தோன்றினாலும் கிருமி உள்ளே மிச்சமிருக்கும், அதனால் கடைசி மாத்திரை வரை கொடுத்தே ஆக வேண்டும்.

டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும் என்பதால் பின்னாலேயே தண்ணீரோ கோழிச்சாறோ கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. பால், தயிரில் உள்ள சுண்ணாம்புச்சத்து மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தசோகைக்கு எழுதித் தரும் இரும்புச்சத்து டானிக் அதைவிட அதிகமாகத் தடுக்கும். மாத்திரைக்கும் இவற்றுக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.

உண்ணியை நாயின் உடம்பில் மட்டும் ஒழித்தால் போதாது. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் கழிக்கிறது, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மருத்துவர் தரும் மாத்திரையோடு சுவரையும் கவனிக்க வேண்டும். நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் தெளிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது தோல் வழியாகவும், நாய் தன்னை நக்குவதாலும் உள்ளே போய், எச்சில் ஒழுகி, உடல் நடுங்கிச் சாகடிக்கும். இதை யார் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மாத்திரை கொடுக்கும் விதம்

புதிதாக வந்த நாயின் வாய்க்குள் கைவிட வேண்டாம். வேகவைத்த கோழி ஈரலை மூன்று சிறு துண்டுகளாக்கி, நடுத்துண்டில் மட்டும் மாத்திரையைச் செருகிக்கொள்ளுங்கள். முதல் துண்டை அது சந்தேகத்தோடு முகர்ந்து தின்னும். இரண்டாவது தொண்டையில் இறங்கும்போதே மூன்றாவது துண்டை மூக்கருகே நீட்டினால், மென்று பார்க்க நேரமின்றி விழுங்கிவிடும். பிறகு அது இருந்த இடத்தையும் புடவை மடிப்பையும் ஒருமுறை பாருங்கள். கன்னத்தில் அடக்கி வைத்திருந்து பத்து நிமிடம் கழித்துத் துப்பிய நாய்கள் எங்கள் கொல்லையில் உண்டு.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. டைக்குளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை நாயின் வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

உணவு

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டச் சோறு போடுவது அன்பால் செய்யும் பிழை. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உண்டால் இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழைய வேகவைத்த சோற்றில் எலும்பில்லாத கோழிக்கறியைப் பிசைந்து, நாளுக்கு நான்கு அல்லது ஐந்து வேளையாகச் சிறிது சிறிதாகத் தொடங்கி, ஒரு வாரத்தில் அளவைக் கூட்டலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, ஆதலால் குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம்.

நோட்டு

இந்த வேலையில் என் கையில் உள்ள மிகப் பயனுள்ள கருவி ஒரு நாற்பது பக்க நோட்டுதான். ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று. காலையிலும் மாலையிலும் உடல் சூடு, உண்ட அளவு, மலம் இறுகியதா இளகியதா, சிறுநீரின் நிறம், கொடுத்த மருந்து, வாரம் ஒருமுறை எடை ஆகியவற்றை எழுதுகிறேன். நாயின் இயல்பான சூடு பாரன்ஹீட் அளவில் சுமார் 101 முதல் 102.5 வரை இருக்கும். நமக்குக் காய்ச்சலான அளவு அதற்கு இயல்பு என்பதால், தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆசனவாயில் வைக்கும் மின்னணு வெப்பமானி வேண்டும். “இரண்டு மூன்று நாளாகவே சரியில்லை டாக்டர்” என்று சொல்வதற்கும், “செவ்வாய் மாலை 103.4, புதன் காலை பாதிச் சோறு, மாலையில் ஒரு வாந்தி” என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவரின் முகத்திலேயே கண்டிருக்கிறேன்.

அச்சம் சார்ந்தவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். குடையைக் கண்டால் ஒடுங்குகிறதா, ஆண்குரல் கேட்டால் குரைக்கிறதா, தட்டருகே போனால் உறுமுகிறதா என்பதெல்லாம் தத்து எடுப்பவருக்கு நோய் விவரத்துக்கு இணையாகத் தேவைப்படும். ஐப்பசியில் தீபாவளி வெடியும் அடைமழையும் சேர்ந்தே வரும். அந்த நாட்களில் நாயை வீட்டின் நடுவே உள்ள அறைக்கு மாற்றி, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணைத் தைத்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு வார மருந்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பின் மின்சாரமும் சாலையும் இல்லாமல் டெல்டா கிராமங்கள் பல நாட்கள் தவித்ததை நாம் மறக்கவில்லை.

தத்து கொடுத்தல்

தத்துக்கு முன் கருத்தடை செய்துவிடுவது நல்லது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயின் தட்டணு எண்ணிக்கை தேறியதா என்று பார்க்காமல் அறுவைக்கு அனுப்பினால் இரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து உண்டு. எவ்வளவு அவசரம் என்றாலும் அந்த ஒரு இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

கேட்டு வருபவர்களிடம் நோயைக் குறைத்துச் சொல்லும் ஆசை எழும். எனக்கும் ஒருமுறை எழுந்தது. மூன்று மாதம் யாரும் கேட்காத ஒரு நாய்க்கு நல்ல குடும்பம் கிடைத்தபோது, காய்ச்சல் மீண்டும் வரலாம் என்பதை “பெரும்பாலும் வராது” என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டேன். ஏழு வாரம் கழித்து அது வந்தது. வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது என்று எண்ணி அவர்கள் நான்கு நாட்களை இழந்தார்கள். நாய் பிழைத்தது, ஆனால் அந்த நான்கு நாள் வேதனைக்குக் காரணம் என் வாக்கியம்தான். இப்போது நோட்டை முதல் பக்கத்திலிருந்து அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். ஈறைப் பார்க்கும் விதத்தையும் மாத்திரை கொடுக்கும் விதத்தையும் அவர்களையே ஒருமுறை செய்யவைக்கிறேன். படித்துவிட்டுத் தயங்கிப் போனவர்கள் உண்டு, அவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டை நேரில் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். நம் பக்கத்தில் பலர் வயலில் மோட்டார் கொட்டகைக் காவலுக்கு நாய் கேட்பார்கள். நாள் முழுதும் சங்கிலியில் கிடந்து, இரவில் கொசுக்கடியில் தனியே இருக்க வேண்டிய அந்த வாழ்க்கைக்கு, நோயிலிருந்து மீண்ட நாயை அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. கொசு வழியே பரவும் இதயப்புழு நோயும் இதற்கு ஒரு காரணம். யார் சோறு போடுவார், வெளியூர் போனால் எங்கே விடுவார், வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நோட்டு, தடுப்பூசி அட்டை, இரண்டு வார மருந்து, அது படுத்த புடவை ஆகியவற்றைக் கூடவே அனுப்ப வேண்டும். புடவையைத் துவைக்காமல் அனுப்புங்கள், பழகிய வாசனை முதல் சில இரவுகளில் நாயை அமைதிப்படுத்தும். முதல் வாரம் தினமும், பிறகு ஒரு மாதம் வரை வாரம் ஒருமுறையும் பேசுங்கள்.

நாய் போன மறுநாளே அடுத்ததை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அழைப்பு வரும். நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்கிறேன். அந்த நாட்களில் கொல்லைச் சுவரின் விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, பலகையை வெயிலில் நிறுத்தி, தட்டுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு புது நாற்பது பக்க நோட்டு வாங்கி வைக்கிறேன்.