முதல் ரேசர் வாங்கப் போகிறீர்களா? செட்டாக வாங்காதீர்கள்

கார்ட்ரிஜ் (நான்கைந்து பிளேடு பதித்து, கழற்றி மாற்றுகிற ரேசர் தலை) விலை கட்டுப்படியாகாமல் பழைய இரட்டை முனை பிளேடு ரேசருக்கு மாறுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல முடிவு. பெட்டிக்கடை பிளேடு ஒன்று ஒரு டீ விலைகூட வராது. மூன்று நான்கு ஷேவுக்குத் தாங்கும். அடுக்கடுக்காக நான்கைந்து பிளேடு தோலைச் சுரண்டாமல் ஒரே ஒரு பிளேடு போய் வருவதால் எரிச்சலும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் மாறுகிற அவசரத்தில் அவர்கள் வாங்கிக் குவிப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஆரம்பத்தில் நான் எங்கெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டேனோ, அங்கேயே போய் வரிசையாக நிற்கிறார்கள்.

அழுத்தாமல் இழு, முடி வளர்கிற திசையிலேயே முதலில் இழு, முகத்தை நன்றாக நனை என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். காசு எங்கே வீணாகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

பெட்டியில் வரும் செட்டு

ரேசர், பிரஷ், கிண்ணம், ரேசரையும் பிரஷையும் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு. எல்லாம் பளபளவென்று, வெல்வெட் துணி ஒட்டிய பெட்டிக்குள். பிறந்தநாளுக்குக் கொடுக்கவும் பொருத்தமாக இருக்கும், விலையும் ஆயிரத்துச் சொச்சம்தான். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள்.

அந்த ஆயிரத்துச் சொச்சம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். பெட்டிக்குக் கொஞ்சம், கனமான ஸ்டாண்டுக்குக் கொஞ்சம், கிண்ணத்துக்குக் கொஞ்சம், பிரஷுக்குக் கொஞ்சம். மிச்சம் இருப்பதில்தான் ரேசரைச் செய்கிறார்கள். அதிலும் கண்ணில் படுகிற கைப்பிடிக்குத்தான் வேலைப்பாடு எல்லாம். கடைசியில் கைவிடப்படுவது ரேசரின் தலை.

ஷேவ் முழுவதும் அந்தத் தலையை நம்பித்தான் இருக்கிறது. பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். வெறும் கையில் பிடித்தால் தாள் மாதிரி வளையும். மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே அதை வளைத்து, முனைக்கு மிக அருகில் இறுகப் பிடிப்பதுதான் தலையின் வேலை. முனை எவ்வளவு வெளியே நீள வேண்டும், எந்தக் கோணத்தில் தோலைத் தொட வேண்டும், பிளேடு அதிராமல் நிற்குமா என்பதை எல்லாம் அந்த இரண்டு துண்டு உலோகம்தான் தீர்மானிக்கிறது. வார்ப்பில் மயிரிழை பிசகினால்கூட பிளேடு ஒரு பக்கம் கூடுதலாக நீளும், மறுபக்கம் உள்ளே போய்விடும்.

என் அக்கா மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு செட்டு வாங்கினான். “மாமா, ஒரு இழுப்பு ஒண்ணுமே ஆக மாட்டேங்குது, அடுத்த இழுப்புல வெட்டிருது. எனக்குக் கை பழகல போல” என்று போன் செய்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரேசரைக் கொண்டுவரச் சொன்னேன். புது பிளேடு போட்டு இறுக்கி, தலையை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, குறுக்குப் பக்கமாகப் பார்த்தோம். ஒரு பக்கம் பிளேடின் விளிம்பு தடித்த வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. மறுபக்கம் கோடு ஒரு முனையில் மெலிந்து, பாதியோடு அடித்தட்டுக்குள் மறைந்தேபோனது. ஒரு பக்கம் நுரை நிறைந்ததும் ரேசரைத் திருப்பி மறுபக்கத்தால் இழுப்போம் இல்லையா, அதனால்தான் வெட்டு எப்போது விழும் என்று அவனால் கணிக்க முடியவில்லை. அவன் கையில் ஒரு குறையும் இல்லை.

இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும். விளிம்பு சமமாக இல்லையென்றால் உடனே ரேசரைக் குறை சொல்லிவிடாதீர்கள். மறையைத் தளர்த்தி, பிளேடின் குறுகிய முனைகள் இரண்டையும் விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் அடித்தட்டை மட்டும் அரைவட்டம் திருப்பிப் போடுங்கள். கோணல் தட்டோடு சேர்ந்து பக்கம் மாறினால் பழுது தட்டில். மாறாமல் அதே பக்கத்தில் நின்றால், வேறொரு பிளேடு போட்டும் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் பழுது மேல்மூடியில். எதில் இருந்தாலும் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அவனும் திருப்பி அனுப்பப் பார்த்தான். பிளேடைச் சரியாகப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று விற்றவரிடமிருந்து பதில் வந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தப் பதில்தான். பழுது பொருளில், பழி பழகுகிறவன் மேல். முகத்தில் நாலு இடத்தில் ரத்தம் பார்த்த பையன், இது நமக்கு ஒத்துவராது என்று ரேசரைப் பரணில் போட்டுவிட்டு, மறுபடியும் விலை கூடிய கார்ட்ரிஜுக்கே போய்விடுகிறான். இப்படிப் போனவர்கள் எத்தனை பேர்! செட்டுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாயோடு நஷ்டம் முடிவதில்லை. இனி வருஷா வருஷம் கார்ட்ரிஜுக்குக் கொடுக்கப்போகும் பணமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

துத்தநாகக் கலவையில் வார்த்தது என்பதற்காக ஒரு ரேசரை ஒதுக்க வேண்டியதில்லை. மியூலே ஆர்89, எட்வின் ஜாகர் டிஇ89 போன்ற பேர்போன ரேசர்களின் தலையும் ஸமாக் எனப்படும் அதே துத்தநாகக் கலவைதான். வார்ப்பின் துல்லியமும் மேலே பூசிய குரோமின் தரமும்தான் வித்தியாசம். மலிவுச் செட்டில் பூச்சு சீக்கிரம் உரியும். உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து உலோகத்தை அரிக்கும். ஒருநாள் மேல்மூடியின் மறை, இறுக்கும்போதே கையோடு முறிந்து வந்துவிடும். மறையைக் கைவிரல் பலத்துக்கு இறுக்கினால் போதும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை.

ஆகவே ரேசரைத் தனியாக வாங்குங்கள். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழலும் வகை. அடித்தட்டின் விளிம்பில் சீப்புப் பல் இல்லாதது. மிதமானது, அதாவது தோலிடம் மென்மையாக நடந்துகொள்வது, என்று பெயர் எடுத்தது. இந்தியாவிலேயே செய்கிற பார்க்கர், பேர்ல் ஆகியவற்றில் இப்படிப்பட்டவை கிடைக்கின்றன. கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் மேலே சொன்ன ஆர்89 பக்கம் போகலாம். கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே கதவு திறக்கும் பட்டர்ஃபிளை வகை பார்க்க அழகுதான். ஆனால் அதில் அசைகிற பாகங்கள் அதிகம், மலிவானதில் அத்தனையும் ஆடும். முதல் ரேசராக அது வேண்டாம். “நெருக்கமாக எடுக்கும்” என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக மியூலே ஆர்41 போன்ற முரட்டுத் தலையும் இப்போது வேண்டாம்.

வீட்டில் தேடாமல் கடைக்குப் போவது

தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904இல். அந்த வழியில் வந்த ரேசர்களில் பெரும்பாலானவை இன்றைக்குப் பெட்டிக்கடையில் கிடைக்கிற பிளேடை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. 1930களின் கடைசியில் வந்த ஜில்லெட் டெக் ஒன்று கிடைத்துவிட்டால் நீங்கள் ரேசருக்குக் காசே செலவழிக்க வேண்டாம்; மிதமான, அருமையான தலை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் இடுக்குகளைத் தேய்த்து, டெட்டாலில் கழுவி, லைட்டுக்கு நேராகப் பிடித்து அதே சோதனையைச் செய்யுங்கள். பச்சையாகப் படிந்திருந்தால் பயம் வேண்டாம், பித்தளை அப்படித்தான் களிம்பேறும். அடித்தட்டு வளைந்திருந்தால் மட்டும் அலமாரியில் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சவரக்கத்தி

இப்போது வேண்டாம். கத்தியோடு செலவு நிற்காது. தீட்டத் தோல் வாரும் சாணைக்கல்லும் கூடவே வரும்.

ஒரே பிளேடில் நூறு

ஜப்பானின் ஃபெதர்தான் உலகத்திலேயே கூர்மை என்று கேள்விப்பட்டதும் நூறு பிளேடு வாங்கிவிடுகிறார்கள். கூர்மைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூர்மை பழகாத கையைப் பொறுத்துக்கொள்ளாது. ஒருவர் தோலுக்கு வெண்ணெய் போல ஓடுகிற பிளேடு இன்னொருவருக்கு இழுக்கும். யாருடைய சிபாரிசும் இதில் உதவாது.

7 ஓ கிளாக், டோபாஸ், வில்கின்சன் ஸ்வோர்டு, சூப்பர்மேக்ஸ் என்று கடையில் இருப்பதில் ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதுவரை ரேசரையும் கிரீமையும் மாற்றாதீர்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு எரிகிறது என்றால், எது எரித்தது என்று யார் சொல்வது? பிடித்த பிளேடு எது என்று உறுதியான பிறகு நூறாக வாங்கினால் விலையும் குறையும்.

மலிவு விலையில் பேட்ஜர் முடி

பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. அதன் முடியில் செய்த பிரஷ் விலை கூடியது. சல்லிசாகக் கிடைக்கிறதென்றால், அது என்ன முடி என்று சந்தேகப்பட வேண்டும். இந்தப் போலி புதிதில்லை. முதல் உலகப் போர்ச் சமயத்தில் பேட்ஜர் முடி வரத்து நின்றபோது, குதிரை முடியைப் பேட்ஜர் போலச் செய்து விற்றார்கள். சுத்தம் செய்யாத அந்த முடி வழியாக ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய் தொற்றி ஆட்கள் இறந்தார்கள். இன்று அந்த ஆபத்து இல்லை என்றாலும் ஏமாற்று இருக்கிறது.

செயற்கை இழை பிரஷ் வாங்குங்கள். நல்லதே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், வாடை அடிக்காது. இழைக் கட்டின் குறுக்களவு 22 முதல் 24 மில்லிமீட்டர் போதும். பன்றி முடி பிரஷும் மலிவுதான், பழகப் பழக மென்மையாகும், ஆனால் முதல் சில வாரம் பொறுமை வேண்டும்.

சோப்பைக் குறை சொல்வது

“இந்தச் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது” என்று ஒன்றை மாற்றி ஒன்றாக வாங்கி அலமாரியை நிரப்பியவர்களைத் தெரியும். முக்கால்வாசி நேரம் பழி சோப்பின் மேல் இல்லை, போர்வெல் தண்ணீரின் மேல். நம் ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத திரையாகிவிடும். வாளியின் விளிம்பில் படியும் அந்த வெள்ளைப் பிசுக்குத்தான் இது. நுரையாக வேண்டிய சோப்பில் பாதி அதற்கே போய்விடுகிறது.

புதுச் சோப்பு வாங்குவதற்கு முன் ஒருநாள் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷை நனைப்பதற்கும் நுரை கூட்டுவதற்கும் அதை மட்டும் பயன்படுத்துங்கள். முகம் கழுவ வழக்கமான தண்ணீரே போதும். அதே சோப்பு வேறு மாதிரி வரும். சுண்டைக்காய் அளவு டியூப் கிரீம் போதும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற குமிழிகள் இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பஞ்சு மாதிரி உலர்ந்து நின்றால் தண்ணீர் போதவில்லை. குமிழியே தெரியாமல் மேலே ஈரப் பளபளப்பு வந்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் பிளேடிடமிருந்து தோலைக் காக்கிறது. நுரை உயரமாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

கிண்ணம் தனியாக வாங்க வேண்டாம். அடுக்களையில் இருக்கிற பழைய எவர்சில்வர் கிண்ணம் போதும். கோத்ரெஜ், பாமாலிவ் டியூப் கிரீம் எதுவானாலும் ஆரம்பத்துக்குத் தாராளம்.

ஆஃப்டர் ஷேவ்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஒரு துண்டு படிகாரம் போதும். நனைத்துத் தடவும்போது எங்கே சுரீர் என்கிறதோ, அங்கே அழுத்தியிருக்கிறீர்கள்.

தீர்ந்த பிளேடைக் குப்பையில் போடுவது

இது காசு விஷயம் இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. தாளில் சுற்றிப் போட்டாலும் பிளேடு தாளை அறுத்துக்கொண்டு வெளியே வரும். குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரலில்தான் போய் நிற்கும். மூடியுள்ள தகர டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். நிறைய வருஷம் நிறையாது. நிறைந்ததும் கீறலையும் டேப்பால் அடைத்து, மேலே “பிளேடு” என்று கொட்டை எழுத்தில் எழுதி, குப்பை வாங்க வருகிறவரிடம் சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள். ரேசர் வாங்குகிற அன்றைக்கே டப்பாவையும் தயார் செய்துவிடுங்கள், முதல் பிளேடு தீர ஒரு வாரம்தான் ஆகும்.