அரசுப் பள்ளியில் கலை வகுப்பு நடத்தப் பணம் திரட்டுவது எப்படி

நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பீரோ வாங்கித் தருவார்கள், ஃபேன் மாட்டித் தருவார்கள், வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு ட்யூப்லைட் முழுக்க ‘உபயம்’ எழுதியும் தருவார்கள். பறை வாங்க வேண்டும் என்றால் கூட நாலு பேர் முன்வருவார்கள். அந்தப் பறையை வாராவாரம் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது என்று கேட்டால்தான் கூட்டம் கலையும். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பறை ஸ்டோர் ரூமில் தொங்கும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பிடிவாதத்தோடு எழுதப்பட்டது: ஆளுக்கான பணத்தை முதலில் திரட்டுங்கள், பொருளுக்கான பணம் பின்னாலேயே வரும்.

பள்ளியே இதைச் செய்யக்கூடாதா என்று கேட்பவர்களுக்காக நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓவியம், இசை போன்றவற்றுக்காக 2012ல் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். பின்னாளில் சம்பளம் படிப்படியாகக் கூடியது, ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாக் கலைக்கும் ஆள் கிடையாது. சமக்ர சிக்ஷா (ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கல்வித் திட்டம்) மானியம் என்று வருவது 100க்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வருடம் 50,000 ரூபாய் அளவில்தான், அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு, மீதியில்தான் சாக்பீஸ், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-23ல் தொடங்கிய கலைத் திருவிழாப் போட்டிகள் வந்த பிறகு மேடை கிடைத்துவிட்டது, கலையரசன், கலையரசி என்று பட்டமும் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் போட்டிக்கு முந்தின பத்து நாளில் யூட்யூபைப் பார்த்து ஆடக் கற்றுக்கொள்ளும் பிள்ளையும் வருடம் முழுக்க ஒருவரிடம் கற்ற பிள்ளையும் ஒரே மேடையில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? பணத்திலிருந்து அல்ல, கலைஞரிடமிருந்து. உங்கள் ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார் என்று பாருங்கள். வட மாவட்டம் என்றால் தெருக்கூத்து ஆடுகிறவர் இருப்பார், தெற்கே ஒயிலாட்டமோ தேவராட்டமோ கரகமோ தெரிந்தவர் இருப்பார், சிலம்ப வாத்தியார் எங்கும் இருப்பார். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவரா என்று கேளுங்கள், அடையாள அட்டை இருந்தால் கல்வி அலுவலகத்தில் பேசுவது சுலபம். ஆடி, பங்குனி, சித்திரையில் கோயில் நிகழ்ச்சிகள் குவியும், அப்போது அவர் வர முடியாது, அதை இப்போதே பேசி முடிக்க வேண்டும். அவர் ‘உங்க இஷ்டம், பாத்துக் குடுங்க’ என்றுதான் சொல்வார். அதை ஏற்காதீர்கள். ஒரு வகுப்புக்கு இவ்வளவு, பஸ் செலவு சேர்த்து, என்று தொகை பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வகுப்புக்கு 700 ரூபாய், வாரம் இரண்டு வகுப்பு, ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை காலாண்டு, அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் போக முப்பது வாரம் கிடைக்கும் என்று வைத்தால் 60 வகுப்பு, 42,000 ரூபாய். பறை என்றால் குச்சி உடையும், தோல் போகும், அதற்கு ஒரு 3,000 சேருங்கள். ஆக 45,000. (தோல் பறை மழைக்காலத்தில் தொய்ந்துவிடும், தீமூட்டிக் காய்ச்சித்தான் வாசிக்க வேண்டும், பள்ளி வளாகத்தில் அதற்கு இடம் பாருங்கள். ஃபைபர் பறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சத்தம் அதே இல்லை என்று வாத்தியார் முகம் சுளிப்பார்.)

இந்தக் கணக்கோடு தலைமையாசிரியரிடம் போங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் போதாது, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் தீர்மானமாக வர வேண்டும். 2024ல் குழுவை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள், அவர்கள் வழியாகப் பேசுவது எளிது. வெளியாள் வந்து வகுப்பெடுப்பதில் இப்போது கெடுபிடி அதிகம், அதனால் கலைஞரின் பெயர், கிழமை, நேரம், கூட இருக்கப்போகும் ஆசிரியர் யார் என்பது வரை எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ தகவல் போய்விடட்டும். பணம் மேலாண்மைக் குழுவின் கணக்குக்கோ பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்குக்கோதான் போக வேண்டும். உங்கள் ஜிபே நம்பரைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எவ்வளவு யோக்கியமானவராக இருந்தாலும் மூன்றாம் மாதம் டீக்கடையில் பேச்சு வரும்.

இனி கேட்பது. 45,000 வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு வகுப்பு 700 ரூபாய், 60 வகுப்பு இருக்கிறது, உங்களுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் தன் மகள் பிறந்தநாள் வாரத்தை எடுப்பார், இன்னொருவர் அப்பா நினைவு நாளை எடுப்பார். வாட்ஸப்பில் இப்படிப் போதும்:

‘அண்ணே வணக்கம். நம்ம ஸ்கூல்ல ஜூலைலேர்ந்து பறை வகுப்பு. வாத்தியாருக்கு ஒரு வகுப்புக்கு 700 ரூபா. உங்க பேருல ஒரு வகுப்பு எழுதிக்கட்டுமா? எந்தத் தேதின்னு சொல்லுங்க. பணம் ஸ்கூல் கணக்குக்குத்தான், ரசீது உண்டு.’

வாட்ஸப் குழுவில் பொதுவாகப் போட்டால் நாற்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், பணம் வராது. ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள், அவர் வயசு செட்டிலேயே ஒருத்தர் அனுப்பினால் இன்னும் நல்லது. நேரில் கேட்பதற்கு பொங்கலை விட்டால் வேறு நேரமில்லை. திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று போனவர்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். அப்போது பேசி வைத்துக்கொண்டு ஜூன் மாதம் நினைவூட்டலாம்.

பொருள் சேர்க்கக் கல்விச் சீரை விட நல்ல வழி கிடையாது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காக: கல்யாணச் சீர் போலவே மேளதாளத்தோடு தாம்பாளங்களில் பொருளை ஏந்திக்கொண்டு ஊரே ஊர்வலமாகப் பள்ளிக்கு வரும். வழக்கமாக நாற்காலி, பாய், குடம் என்று வரும். முன்கூட்டியே பட்டியல் ஒட்டிவிட்டால் அதில் சலங்கை, சிலம்பக் கம்பு, வாட்டர் கலர், சார்ட், தபலா என்று வரும். பட்டியலில் கடை பெயரும் விலையும் போடுங்கள், இல்லாவிட்டால் பொம்மைக் கடை மிருதங்கம் வந்து சேரும். பந்தலில் மொய் எழுதுகிற மாதிரி ஒரு மேசை, ஒரு நோட்டு, மைக்கில் பெயர் வாசிக்க ஒருவர். மைக்கில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கேட்டதும் இன்னொருவர் பைக்குள் கை விடுவார், இது எங்கும் நடப்பதுதான். மொய் விருந்து நடக்கும் ஊர் என்றால், இது திரும்பச் செய்ய வேண்டிய மொய் அல்ல என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

பெரிய தொகைக்கு வேறு வழி. கலையரங்கம், மேடை, கூரை போன்றவற்றை ஊர்ப் பணத்தில் செய்யாதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேளுங்கள், அல்லது மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்தில் போங்கள். கம்பெனி பணம் வேண்டுமென்றால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக வருவது நல்லது, அதில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். கம்பெனிச் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதிக்கான ஏழாம் அட்டவணையில் கல்வியோடு மரபுக் கலைகளும் இருக்கின்றன, கடிதத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற உதவும் ரசீது) கேட்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். வளைகுடாவில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பி தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் ஆகும், அதை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், நம் பள்ளிக் கணக்கில் வாங்கவே கூடாது. பதிவு உள்ள அமைப்பு எதுவும் தெரியாவிட்டால் அவரிடம் பணம் கேட்காமல் விடுங்கள்.

யாரிடம் வாங்கக்கூடாது என்பதும் உண்டு. சாதிச் சங்கம் தரும் பணத்தோடு பேனர் வரும், பேனரோடு சண்டை வரும். பறை என்றதும் ‘எங்க புள்ள அதை அடிக்கணுமா’ என்று ஒரு பெற்றோராவது கேட்பார். அதற்காக பறையைக் கீபோர்டாக மாற்றாதீர்கள். முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பில் உட்கார வையுங்கள், அந்தப் பெற்றோரையும் ஒருநாள் வரச்சொல்லுங்கள். தேர்தல் வருடத்தில் கட்சிக்காரர் பணத்தைத் தள்ளி வைப்பது நல்லது. பிள்ளைகள் கையில் உண்டியலோ கூப்பன் புத்தகமோ கொடுத்து வீடு வீடாக அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம்.

வகுப்பு தொடங்கியதும் அன்றன்று யார் கொடுத்த வகுப்போ அவருக்கு முப்பது விநாடி ஒலிப்பதிவு ஒன்று அனுப்புங்கள். படம் என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும், சத்தம் போதும், தாளம் தப்பினாலும் பரவாயில்லை. கலைஞருக்கு மாதக் கடைசியில் கணக்குப் போட்டு வங்கியில் செலுத்துங்கள், அவர் கேட்டு வாங்கும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், அதையே போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுங்கள். மீதி இருந்தால் அதைக் கலைத் திருவிழாவுக்கு வேன் வாடகை, மேக்கப் என்று கரைத்துவிட ஆசிரியர்கள் கேட்பார்கள், பாவம், அவர்களும் பல நேரம் கையிலிருந்துதான் போடுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு சின்ன வசூல் செய்துகொள்ளுங்கள். மீதிப் பணம் அடுத்த ஜூலை மாத வகுப்புகளுக்கு என்று பிப்ரவரிக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி வாங்கிவிடுங்கள்.