பெரிய ஏ தெரியும், சின்ன ஏ தெரியாது: ஆங்கில எழுத்து சொல்லிக்கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் ஜங்ஷன் பெயர்ப்பலகையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை மளமளவென்று சொல்லும் பிள்ளை, ஒன்றாம் வகுப்பு புத்தகத்தைத் திறந்தால் விழிக்கிறதா? அதில் அதிசயம் இல்லை. ஸ்டேஷன் பலகை, டிஎன் 74, டிஎன் 75 நம்பர் பிளேட், மார்த்தாண்டம் கடை போர்டு என்று ரோட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் பெரிய எழுத்து. புத்தகத்தில் ஏறக்குறைய எல்லாமே சின்ன எழுத்து. பெரிய எழுத்து 26-ம் முடியட்டும், அப்புறம் சின்னதைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு.

"சின்ன ஏ எழுது மக்ளே" என்றால், பெரிய ஏ-யையே குட்டியாக எழுதி நீட்டும். தமிழிலும், களியக்காவிளை பக்கம் பார்க்கிற மலையாளத்திலும் எழுத்துக்கு இப்படி இரண்டு உருவம் கிடையாதே! சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் இந்த ஏழில் பிள்ளையின் கணக்கு சரிதான். அதனால் இவற்றில் தொடங்குங்கள். ஏ, ஜி, ஆர், கியூ மாதிரி உருவமே மாறுகிறவற்றைப் பெரியதும் சின்னதுமாக ஜோடி சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

பேட் (bat) என்பதில் வரும் சின்ன பி-யையும், டாக் (dog) என்பதில் வரும் சின்ன டி-யையும் ஒரே நாளில் எடுக்கவே வேண்டாம். கப்பின் பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கப்தான் என்று பழகிய கண், எழுத்தின் வயிறு பக்கம் திரும்பினால் எழுத்தே வேறு என்பதைச் சட்டென்று ஏற்காது. ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதை எடுங்கள். ஆறு வயதில் மாற்றிச் சொல்வது சகஜம். அதற்குத் திட்டு வேண்டாம்.

ஏபிசிடி பாட்டை நம்பியும் ஏமாறுவோம். எல், எம், என், ஓ, பி என்பதை வேகமாகப் பாடும்போது வரும் 'எலமெனோப்பி' ஒரே எழுத்து என்று நினைத்துப் பாடும் பிள்ளைகள் உண்டு. வரிசையைக் கலைத்து, நடுவில் ஒன்றைத் தொட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அச்சு செய்கிற குழப்பம் தனி. சின்ன ஏ சில புத்தகங்களில் தலையில் கொக்கியோடு வரும். நோட்டில் நாம் அப்படி எழுதுவதில்லை. சில எழுத்துருக்களில் பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் ஒரே கோடுதான், பெரியவர்களுக்கே தடுமாறும். பிஸ்கட் பாக்கெட், நோட்டீஸ் என்று பல அச்சிலும் ஒரே எழுத்தைத் தேடச் சொல்லுங்கள்.

நாலு கோடு நோட்டை மட்டும் அவசரமாக நீட்டாதீர்கள். கண்டுபிடிக்கத் தெரியாத எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் விரல்தான் வலிக்கும்.