ஆண்ட்ராய்டு கண்காட்சியில் எதை எங்கே வைப்பது?

நாலைந்து கலைஞர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டு (மனிதனைப் போலவே செய்த ரோபோ), மனிதச் சாயல் என்று கண்காட்சி வைக்கப் போகிறீர்களா? முதலில் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-ல் சொன்னதை மனதில் வையுங்கள்: உருவம் மனிதனை நெருங்க நெருங்கப் பிடித்துப்போகும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்கிற இடத்தில் சட்டென்று ஒரு அமானுஷ்யமான அசௌகரியம் வரும், அசைந்தால் இன்னும் அதிகம். நிஜம்போல் இருக்கும் செயற்கைக் கையைக் குலுக்கினால் எலும்பே இல்லாமல் சில்லென்று இருப்பதுதான் அவர் தரும் உதாரணம்.

அதனால் அசைவதை வாசலில் வைக்காதீர்கள். ஓவியங்கள், அப்புறம் அசையாத தலைகள், கடைசி அறையில்தான் அது. சிலிக்கோன் தோலில் உச்சியிலிருந்து ஸ்பாட்லைட் அடித்தால் மெழுகு மாதிரி பளபளக்கும், பக்கவாட்டில் மங்கலாகப் போடுங்கள். கண்கள் பார்ப்பவர் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

இயந்திரத்தை மறைக்கவும் வேண்டாம். 2016-ல் ஜப்பானில் வந்த ஆல்ட்டர் என்ற ரோபோவுக்கு முகம் மனித முகம், உடம்போ திறந்த இயந்திரம். எனக்கு அதுதான் ரொம்ப உயிரோடு தெரிகிறது.