கடலோரத்துச் சின்ன ஊருக்கு டாக்டராகப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கடல், சின்ன ஊர், பெட்டியோடு வந்து இறங்கும் டாக்டர், சாயங்காலக் காற்று, அப்புறம் யாரோ ஒருவர். இப்படி மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். ஓடவே கூடாது என்றில்லை, எனக்கும் ஓடியதுதான், கடைசியில் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு வருடத்தைப் பற்றி அந்தப் படத்தில் ஒன்றும் வராது. உப்புக்காற்று பட்டுப் பட்டு பி.பி. கருவி கோளாறாகும், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படும், சாமான் வாங்கக் கடைக்குப் போனால் மூன்று பேர் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள், ஊரில் எல்லாருக்கும் உங்களைத் தெரியும், ஆனால் மனசு விட்டுப் பேச ஒருவர்கூட இருக்க மாட்டார். நான் எழுதுவது அந்த இரண்டு வருடத்துக்கு.

முதலில் நேரத்தை மாற்றுங்கள்

நான் போன உடனே காலை 9 முதல் 1 வரை, மாலை 5 முதல் 7 வரை என்று பலகை மாட்டினேன். பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், கடலுக்குப் போகிற ஆண்களில் ஒருவர்கூட வரவில்லை. இந்த ஆண்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறையே கிடையாது என்று நானே முடிவுகட்டி ஒரு மாதம் புலம்பினேன். விஷயம் என்னவென்றால், அந்த ஊரில் கடல் ஏறுகிற நேரத்தில்தான் படகுகள் முகத்துவாரத்துக்குள் வர முடியும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம், அதாவது இன்றைக்குக் காலை 8 மணிக்கு ஏறிய கடல் நாளைக்கு 8.50 வாக்கில்தான் ஏறும், ஒரு வாரம் போனால் அது மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து நிற்கும். என் பலகை மட்டும் ஒன்பதிலேயே நின்றுகொண்டிருந்தது.

வாரத்தில் இரண்டு நாளாவது படகு திரும்புகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்த முதல் நாள் பதினோரு ஆண்கள் வந்தார்கள், நான்கு பேருக்கு பி.பி. எக்கச்சக்கம். வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதிய விஷயம்தான் இது: மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகப் போய்ச் சேர்கிறது. அவர் சொன்னது பெரிய அமைப்புகளைப் பற்றி. என் ஊரில் அதே வேலையை ஒரு தகரப் பலகை பார்த்துக்கொண்டிருந்தது.

கடல் கொடுக்கும் நோய்களைத் தெரிந்துகொண்டு போங்கள்

நகரத்து ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் பழக்கம் வராது. தூண்டில் முள் ஏறிய விரலோடு ஒருவர் வந்து நிற்பார், நீங்கள் கத்தியைத் தேடுவீர்கள், சுற்றி நிற்கிற நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை ஒரு வருடத்துக்குப் போகாது, அனுபவத்தில் சொல்கிறேன். ஒற்றை முள்ளாக இருந்து, ஆழம் அதிகமில்லாமல், கண்ணுக்குப் பக்கத்தில் இல்லாமல் இருந்தால், வளைவில் ஒரு கனமான நூலைச் சுற்றி, முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்து, தோலுக்கு இணையாக ஒரே வெடுக்கில் இழுத்தால் வந்துவிடும். ஆழமாகப் போயிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, முனையை முன்பக்கமாகவே வெளியே தள்ளி, முனையில் இருக்கிற எதிர்முள்ளை வெட்டிவிட்டுப் பின்னால் உருவ வேண்டும். டி.டி., அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டிருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். இந்த டி.டி. பின்னால் ஒரு வம்பாக வரப்போகிறது.

திருக்கை குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை வைக்கச் சொல்லுங்கள், அந்த விஷம் சூட்டுக்குத் தாங்காது. கையில் ஒரு சின்ன முடிச்சு வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், வழக்கமான மாத்திரை எழுதுவதற்கு முன் மீன் தொடுகிற வேலையா என்று கேளுங்கள், தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி அப்படிச் செய்யும். நீரில் மூழ்கியவருக்கு மூச்சு நின்றுதான் பிறகு இதயம் நிற்கிறது, அதனால் நெஞ்சை அமுக்கினால் மட்டும் போதாது, வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுத்தாக வேண்டும். இதை நீங்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்து பிரயோஜனமில்லை. நீங்கள் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும். படகில் போகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய தலையணை, பதினைந்து பையன்கள், ஒரே சிரிப்பு. எனக்கு ஊரில் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆட்கள் கிடைத்தது அப்போதுதான்.

வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள்

டாக்டர்கள் சறுக்குகிற இடம் இது. நமக்குக் கொடுத்தே பழக்கம். மாத்திரை கொடுப்போம், அறிவுரை கொடுப்போம், நேரம் கொடுப்போம், யாராவது நமக்கு ஏதாவது செய்ய வந்தால் மட்டும் "பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கதவைச் சாத்திவிடுவோம். சாத்தினால் கடைசி வரை நீங்கள் வெளியூர்க்காரர்தான்.

பரிசுப்பொருளையும் பணத்தையும் சொல்லவில்லை, அதில் கவனமாகவே இருங்கள். நான் சொல்வது வேறு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பாட்டி தினமும் வலை பின்னிக்கொண்டிருப்பார். ஒருநாள் மின்சாரம் இல்லை, நோயாளி இல்லை, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றேன். ஆயிரக்கணக்கில் தையல் போட்ட கை, ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரமாகிவிடும் என்று நினைத்தேன். பாட்டி என் முடிச்சை நகத்தால் ஒரு நெருடு நெருடினார், அது அப்படியே வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கண்ணியைப் பெரிதாக்கியது. "டாக்டரம்மா, இதில் யானையே போயிடும்" என்றார். தோலைத் தைக்கும்போது இரண்டு ஓரமும் பக்கத்தில் வந்தால் போதும். வலையில் ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பக்க இழுப்பையும் தாங்கி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதற்கு ஒரு நூல் வளைந்து நிற்க, இன்னொன்று அதன் முதுகைச் சுற்றி வந்து தன் அடியிலேயே நுழைய வேண்டும். சரியாக வர எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று என்னைத் திருத்திவிட்டுப் போனார்கள், அதுவரை என்னிடம் வணக்கம் மட்டும் சொன்னவர்கள்.

வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர், 1892-இல், இன்றைக்குக் கனடாவில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கத்து மீனவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர். 1908 ஏப்ரலில் ஒரு நோயாளியைப் பார்க்க நாய்வண்டியில் உறைந்த விரிகுடாவைக் கடக்கும்போது பனி உடைந்து, ஒரு பனிப்பாளத்தின் மேல் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார். மூன்று நாய்களைக் கொன்று அவற்றின் தோலைப் போர்த்திக்கொண்டு ராத்திரியைக் கழித்தார். மறுநாள் பனிக்கட்டிகளுக்கு நடுவே படகு தள்ளிக்கொண்டு வந்து அவரைத் தூக்கிச் சென்றவர்கள் அந்தக் கரையோரத்து மீனவர்கள். அதற்காக நீங்கள் பனிப்பாளத்தில் ஏற வேண்டியதில்லை. சைக்கிள் பஞ்சராகிற அன்று தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போகாமல் யாரையாவது கூப்பிடுங்கள்.

சரி, காதலுக்கு வருவோம்

கிரென்ஃபெல் அடுத்த வருடமே கல்யாணம் செய்துகொண்டார், மணப்பெண்ணைச் சந்தித்தது ஒரு கப்பலில். கெட்டிக்காரர், நோயாளி இல்லாத இடமாகப் பார்த்துச் சந்தித்திருக்கிறார்! நமக்கு அந்த வசதி கிடையாது. ஒரே டாக்டர் இருக்கிற ஊரில் கல்யாணமாகாத ஒவ்வொருவரும் ஒன்று உங்கள் நோயாளி, இல்லையென்றால் அடுத்த வாரம் உங்கள் நோயாளி.

நோயாளியோடு உறவு கூடாது என்பது புதிதாக யாரோ கண்டுபிடித்த சட்டமில்லை. ஹிப்போகிரட்டிஸ் பெயரில் இருக்கும் உறுதிமொழி சுமார் 2,400 வருடப் பழசு, வைத்தியத்துக்குப் போகிற வீட்டில் யாரோடும் உறவு வைத்துக்கொள்ள மாட்டேன் என்பது அதிலேயே இருக்கிறது. இன்றைக்கும் பல நாட்டு மருத்துவக் கவுன்சில்கள் இதற்காகப் பதிவையே ரத்து செய்யும். காரணம் எளிது. எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் தன் உடம்பையும் பயத்தையும் திறந்து காட்டுகிறார், நீங்கள் பதிலுக்கு ஒன்றும் காட்டவில்லை. அந்தத் தராசு சாய்ந்தே இருக்கும்போது அவர் சொல்கிற 'சரி' எந்த அளவு சரி என்று உங்களால் சொல்ல முடியாது.

அதனால் வரிசை முக்கியம். மனசு லேசாகச் சாய்கிறது என்று தெரிந்த அன்றே, எதுவும் பேசுவதற்கு முன், அவருடைய மருத்துவப் பொறுப்பை வேறொரு டாக்டரிடம் எழுத்தில் மாற்றுங்கள். இன்றைக்கு மாற்றிவிட்டு நாளைக்கே கடற்கரையில் கைகோத்து நடப்பதும் ஏமாற்றுத்தான், இடைவெளி விடுங்கள். நீண்ட நாள் சிகிச்சை, மனநல சிகிச்சை, பெரிய துக்கத்தில் உங்களிடம் சாய்ந்தவர் என்றால் எவ்வளவு இடைவெளி விட்டாலும் வேண்டாம், மறந்துவிடுங்கள். குழப்பமாக இருந்தால் வேறு ஊரில் இருக்கிற மூத்த டாக்டர் ஒருவரிடம் பேசுங்கள். அவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறதென்றால் அந்தக் கூச்சமே பதில்.

என் விஷயத்தில் அவர் படகு இன்ஜின் மெக்கானிக். என்னிடம் வந்தது ஒரே ஒரு தடவை, கையில் தகடு கிழித்து, ஒரு டி.டி. ஊசிக்கு. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பழுது பார்க்க அடிக்கடி வருவார், நானும் ஜெனரேட்டரைப் பற்றித் தேவைக்கு மேல் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் துணிந்து, "இனிமேல் உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் வராதீர்கள், பக்கத்து டவுன் டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்" என்றேன். மனுஷன் முகம் செத்துப்போனது. "நான் என்ன தப்பு செய்தேன் டாக்டர்?" என்றார். காரணத்தைச் சொல்லவும் முடியாது, சொன்னால் வரிசை கெட்டுவிடும். தப்பு ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல். நூறடியில் ஆஸ்பத்திரி இருக்க, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் டவுனுக்குப் போனார். ஊருக்கு அது போதாதா? அன்று சாயங்காலத்துக்குள் வலை பின்னுகிற பாட்டி முதற்கொண்டு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் அவரிடம் சொல்வதற்கு முன்பே ஊர் அவரிடம் சொல்லிவிட்டது. ரகசியமாகக் காதலிக்கலாம் என்ற எண்ணத்தோடு யாரும் சின்ன ஊருக்குப் போக வேண்டாம். ஒளிக்காமல், அவசரப்படாமல், வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே போய்ச் சொல்வதுதான் நல்லது.

கல்யாணத்துக்குப் பிறகு

துணை வெளியூர்க்காரர் என்றால் உங்கள் போஸ்டிங்கை விட அவருக்கு அங்கே என்ன வேலை, நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்பதை முதலில் பேசுங்கள். கிராமத்து டாக்டர்கள் ஊரை விட்டுப் போவதற்கு இவை முக்கியமான காரணங்கள். கிராமங்களில் மருத்துவப் பணியாளர்களை எப்படித் தக்கவைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கூட வீடு, மின்சாரம், தொலைத்தொடர்பு, பள்ளிக்கூடம் என்று வாழ்க்கை வசதிகளைத் தனியாகச் சொல்கிறது.

துணை உள்ளூர்க்காரர் என்றால் பிரச்சினை வேறு. "அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னவாம், உன் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்லேன்" என்று அவரைப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே விதிதான்: ஆஸ்பத்திரி விஷயம் வீட்டு வாசல்படி தாண்டாது. முதல் வருடம் அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, அப்புறம் "எனக்கே தெரியாது" என்று உண்மையாகச் சொல்ல முடிவதில் எவ்வளவு நிம்மதி என்று புரிந்தது.

இன்னொன்று, உங்கள் குடும்பத்தாருக்கு நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள், அவசரம் தவிர. அப்படியானால் மாமியாருக்கு யார் பார்ப்பது? என் மாமியாருக்கு பி.பி. உண்டு, மாதாமாதம் டவுனுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். போகிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் என் ஆஸ்பத்திரிக்கும் வந்து, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பி.பி. எல்லாம் அங்கே பார்த்தாச்சு, நீ காலையில் சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்.